வெள்ளைச் சுவருக்கும் மரத்தரைக்கும் கடன் வேண்டுமா?

கேள்வி: ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில், 1950களில் கட்டிய புஸ்டாட்ஸ்ரெட் வீடு (குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் குடியிருக்கும் உரிமை) ஒன்றை நானும் மனைவியும் இருவர் பெயரிலும் வாங்கியிருக்கிறோம். வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தரை, புதுச் சமையலறை என ஸ்காண்டிநேவியப் பாணியில் மாற்ற 3,20,000 குரோனா மதிப்பீடு வந்திருக்கிறது. அதில் கூலி 2,00,000. கையிருப்பு அதற்குச் சரியாக இருக்கும். சோபா, மேசை, விளக்குகளுக்கு 80,000 வேண்டும். வங்கி 8% வட்டியில் அடமானமில்லாத கடன் தருகிறது. வாங்கலாமா? மனைவி ஜனவரியிலிருந்து பெற்றோர் விடுப்பில் இருப்பார்.

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கில், வீட்டுச் சீரமைப்புக் கூலிக்கு ஸ்வீடன் அரசு தரும் ரோட் வரிக்கழிவு விடுபட்டிருக்கிறது. கூலியில் 30%, அதாவது 60,000 குரோனாவை நிறுவனம் பில்லிலேயே கழித்துக்கொண்டு, பிறகு வரித்துறையான ஸ்கட்டவெர்கெட்டிடம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் கட்டவேண்டியது 2,60,000தான். அலமாரி, ஓடு, பெயின்ட், அடுப்பு எதற்கும் கழிவு கிடையாது. அதனால் கூலியும் பொருளும் பில்லில் தனித்தனியாக இருக்கவேண்டும். நிறுவனத்துக்கு எஃப்-வரிப் பதிவு (தன் வரியைத் தானே கட்டும் தொழில் என்ற பதிவு) இருக்கவேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போய்விடும். பொருளைக் குறைத்துக் கூலியை ஏற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

ஒருவருக்கு ஆண்டுக்கு உச்சவரம்பு 50,000. ஆகவே இருவர் பெயரிலும் பிரிக்கவேண்டும். பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். எந்த ஆண்டில் பணம் கட்டுகிறீர்களோ அந்த ஆண்டின் வரியில்தான் கழிவு சேரும். விடுப்பு ஆண்டில் மனைவியின் வரி குறைவு. அந்த வரியிலிருந்தும் வீட்டுக்கடன் வட்டிக்கான கழிவைத்தான் முதலில் எடுப்பார்கள். மிச்ச வரி போதாவிட்டால் ரோட் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஜனவரிக்குப் பிறகு கட்டுவதாக இருந்தால் உங்கள் பெயரில் 50,000, அவர் பெயரில் 10,000 போடுங்கள்.

மிச்சமாகும் 60,000த்தை உடனே சோபாவில் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் தரை ஓட்டிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் பெயர்த்தால் வேலை நின்றுவிடும். அனுமதி பெற்ற நிறுவனம்தான் அகற்றமுடியும். மாதிரியைச் சோதித்துவிட்டு, அடியில் என்ன மரம் என்றும் பாருங்கள். கெட்டி ஓக் என்றால் தேய்த்து, வெள்ளைச் சோப்போ எண்ணெயோ பூசினால் போதும், புதுத்தரை தேவையில்லை. மேலே ஒட்டிய மரத்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை என்றால் தேய்க்கவே முடியாது. குழாயை இடம் மாற்றுவதாக இருந்தால் சங்க நிர்வாகக்குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

தரை வேலை முடிந்ததும், மிச்சப் பணத்தில் அறைகலன்கள் வாங்கலாம். 1949இல் நிஸ்ஸே ஸ்ட்ரின்னிங் வடிவமைத்த ஸ்ட்ரிங் அலமாரி போன்றவை ப்ளொக்கெட், திராடெரா போன்ற பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் கிடைக்கும். விற்கும்போதும் கேட்க ஆளிருக்கும். புது சோபாவுக்கு அந்த யோகம் இல்லை.

அப்படியும் 20,000 குறைந்தால், மாதச் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்குங்கள். 80,000க்கு 8% என்றால் ஆண்டு வட்டி 6,400. அடமானமில்லாத கடன் வட்டிக்கு 2026 முதல் வரிக்கழிவே இல்லை. வீட்டை ஈடுவைத்த கடனுக்கு 30% கழிவு இன்னும் உண்டு; கடன் தவிர்க்கமுடியாதென்றால் அந்த வழி. ஆனால் மூன்று ஆண்டில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோபா போனபிறகும் வட்டி ஓடும்.

ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது லாபத்தில் 22% வரி. முன்பிருந்ததைவிடத் தரம் உயர்த்திய சமையலறைச் செலவை எப்போது விற்றாலும் லாபத்திலிருந்து கழிக்கலாம். பெயின்ட், தரைத் தேய்ப்பு என்றால் விற்கும் ஆண்டிலோ அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலோ செய்திருக்கவேண்டும். ரோட் கழிவாகப் போன 60,000 இந்தக் கணக்கில் வராது.