அந்த ஐந்து வாரங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020இல் கொரோனாவுக்காக, ஹெல்மெட் மாட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனைத் தள்ளிவைத்தது சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸில் இருபது வருடங்களாக இருக்கிறேன். இங்கே சனிக்கிழமை ஃபுட்பால் என்பது திருவிழா. ஆகஸ்ட் 11ஆம் தேதி, எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பான பிக் டென் சீசனைத் தள்ளிவைப்பதாக அறிவித்த அன்று, ஒரு கல்லூரி அணியில் கடைசி வருடம் ஆட இருந்த பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதான். தெற்கே எஸ்.இ.சி., ஏ.சி.சி. என்ற கூட்டமைப்புகளின் அணிகள் ஆடத்தானே செய்தன? என்ன ஆகிவிட்டது? கடைசியில் பிக் டென்னும் ஆடியது. அப்படியென்றால் அந்த முடிவு வெறும் பயம்தானே? ஆடுகிறோம் என்று சொன்ன பிள்ளைகளின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாமா?

எஸ்., கொலம்பஸ்

அன்புள்ள எஸ்.,

அந்தப் பையனின் அழுகையை நான் சிறிதாக நினைக்கவில்லை. பத்து வயதிலிருந்து உடம்பை வருத்திச் சேர்த்த ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்த அறிக்கையில் போய்விட்டது. விளையாட்டுக்காரனுக்கு இருபத்திரண்டு வயது இரண்டாம் முறை வராது.

ஆனால் "என்ன ஆகிவிட்டது" என்று கேட்கிறீர்களே, அதை ஆகஸ்ட் 11இல் நின்று கேட்க வேண்டும். அன்று தடுப்பூசி இல்லை. சோதனைக் குச்சி மூக்கில் போய் வந்த பிறகு முடிவுக்காக நாள்கணக்கில் காத்திருந்த காலம். மருத்துவர்களை மிகவும் பயமுறுத்தியது இதயத் தசை அழற்சி. வைரஸ் தொற்றிலிருந்து எழுந்தவன் அது தெரியாமல் கடும் பயிற்சியில் இறங்கினால் மைதானத்திலேயே இதயம் நின்றுபோகலாம். உங்கள் ஊர் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவர்கள் கொரோனா வந்துபோன 26 விளையாட்டு வீரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் நான்கு பேரிடம் அந்த அறிகுறி தெரிந்தது. 26 என்பது சின்ன எண்தான். அது பெரிதாக்கப்பட்டது என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. சரி, பெரிய ஆய்வையே எடுத்துக்கொள்வோம். பிக் டென் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1,597 பேரைப் பரிசோதித்தன. 37 பேருக்கு அழற்சி இருந்தது. நூற்றுக்கு இரண்டு சொச்சம். முதலில் பயந்த அளவு இல்லை. ஆனால் அந்த 37 பேரில் 28 பேருக்கு இதயக் கோளாறின் அறிகுறி வெளியே எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விட்டிருந்தால் அவர்கள் பாட்டுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்கள்.

அந்த எம்.ஆர்.ஐ. எப்படி வந்தது? செப்டம்பர் 16ஆம் தேதி பிக் டென் தன் முடிவை மாற்றி, அக்டோபரில் ஆடுவதாகச் சொன்னபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று அது. ஒவ்வொரு வீரருக்கும் தினமும், உடனே முடிவு தெரியும் ஆன்டிஜென் சோதனை. தொற்று வந்தவர் 21 நாட்களுக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது, அதுவும் இதயப் பரிசோதனை முடிந்த பிறகுதான். அணியில் தொற்று ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் குறைந்தது ஏழு நாட்கள் எல்லாம் நிற்கும். ஆகஸ்டில் இவற்றில் எதுவும் கையில் இல்லை. இடையில் அரசியல் நெருக்கடி இருந்தது, அதிபர் டிரம்ப்பே பிக் டென் ஆணையரோடு போனில் பேசினார், பிக் டென்னின் நெப்ராஸ்கா அணி வீரர்கள் எட்டுப் பேர் தள்ளிவைத்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அதெல்லாம் மெய். ஆனாலும் அந்த ஐந்து வாரங்கள் இல்லாமல் அக்டோபர் ஆட்டம் இல்லை. தள்ளிவைத்ததால்தான் ஓரளவு ஒழுங்காக ஆட முடிந்தது என்பது என் கருத்து. அப்போதும் மிச்சிகனுக்கும் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் நடக்க வேண்டிய ஆட்டம் ரத்தானது. 1918 முதல் ஒரு வருடம்கூட விடாமல் நடந்துவந்த ஆட்டம் அது. அந்த வெறிச்சோடிய சனிக்கிழமையை எனக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தெற்கில் ஒன்றும் ஆகவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஏ.சி.சி.யின் கிளெம்சன் பல்கலைக்கழக அணியின் நட்சத்திர வீரர் டிரெவர் லாரன்ஸுக்கே தொற்று வந்து இரண்டு ஆட்டங்களில் ஆட முடியவில்லை. நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாயின, அல்லது தள்ளிப்போயின. அந்தச் செப்டம்பரில் பென்சில்வேனியாவின் சிறிய கல்லூரி ஒன்றில் இருபது வயது வீரர் கொரோனாவுக்குப் பின் ரத்தம் கட்டி இறந்துபோனார். அவருடைய கல்லூரியில் சீசன் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே அந்தச் சாவை என் பக்க வாதமாக வைக்க மாட்டேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சை மட்டும் அன்றோடு விட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம். பிள்ளைகளின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டாமா என்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டும், முழுசாக. ஆகஸ்ட் 10ஆம் தேதி லாரன்ஸும் ஒஹையோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் மற்ற வீரர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் 'நாங்கள் ஆட விரும்புகிறோம்' என்பது முதல் வரி. எல்லோரும் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கீழே இருந்தவற்றையும் பாருங்கள்: எல்லா அணிகளுக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகள் வேண்டும், ஆட விரும்பாதவர் விலகிக்கொள்ள உரிமை வேண்டும், கடைசியில் வீரர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னால் பசிபிக் கரையின் பேக்-12 கூட்டமைப்பு வீரர்களும் பாதுகாப்பையும் வருமானத்தில் பங்கையும் கேட்டிருந்தார்கள். கல்லூரிகள் ஆட்டத்தைக் கொடுத்தன, சங்கத்தைக் கொடுக்கவில்லை.

வட கரோலினா பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். வகுப்பு தொடங்கி ஒரே வாரத்தில் விடுதிகளில் தொற்று பரவி, ஆகஸ்ட் 17 அன்று இளநிலைப் பாடங்களை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். ஃபுட்பால் அணி மட்டும் அங்கேயே இருந்து செப்டம்பரில் களமிறங்கியது. வகுப்பறையில் உட்காரவே ஆபத்தான இடத்தில் ஒருவரை ஒருவர் மோதி விழச் சொல்வது என்றால், அவர்கள் அங்கே படிக்க மட்டும் வந்தவர்கள் இல்லை என்றுதானே பொருள்? டிவி ஒப்பந்தப் பணம் அவர்கள் உடம்பிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில்தான் நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் நடக்கின்றன. சீசன் தள்ளிப்போன பத்து நாட்களில் பிக் டென்னின் அயோவா பல்கலைக்கழகம் நான்கு விளையாட்டுகளை நிறுத்துவதாகச் சொன்னது. இவ்வளவு சுமையைத் தூக்கிய தோள்களுக்கு அன்று உதவித்தொகைக்கு மேல் கூலி இருக்கவில்லை. ஆடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த இடத்தில் வாக்கும் இருக்கவில்லை. பிக் டென்னில் 14 பல்கலைக்கழகத் தலைவர்கள் வாக்களித்தார்கள், 11க்கு 3. வீரர் ஒருவர்கூட இல்லை.

தள்ளிவைத்ததை நான் இன்றும் ஆதரிக்கிறேன். யாரையும் கேட்காமல் தள்ளிவைத்ததை ஆதரிக்கவில்லை. என் பழைய கட்டுரையில் இந்த இரண்டாவது பாதியை நான் எழுதாமல் விட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும். அந்த இலையுதிர் காலத்தை ஆட்டக் கணக்கில் சேர்க்காமல் எல்லோருக்கும் இன்னொரு வருடம் ஆட அனுமதி கொடுத்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டாரா, இல்லை வேலைக்குப் போய்விட்டாரா? அப்புறம், அந்த ஆகஸ்டில் யாராவது அவரை உட்காரவைத்து "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டார்களா? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்.