இணையம் யாருடைய தோட்டம்? சுங்கை சிப்பூட் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தொலைபேசித் துறையில் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மலேசியாவின் சுங்கை சிப்பூட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கும் நண்பர்கள் கணினி வலையமைப்பு பற்றிய தங்கள் ஐயங்களை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): ஐயா, வலையமைப்பும் இணையமும் ஒன்றுதானா? பள்ளியில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

பதில்: ஒன்றல்ல, தம்பி. உங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தில் இருபது கணினிகளை ஒரே பெட்டியில் இணைத்து ஓர் அச்சுப்பொறியைப் பகிர்ந்துகொண்டால் அது வலையமைப்பு. வெளியுலகத் தொடர்பு அறுந்து போனாலும் அது வேலை செய்யும். நம் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் உள்ளே அதற்கே உரிய செம்மண் பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதையில் எந்த வண்டி போகலாம் என்பதை அந்தந்த நிர்வாகம் முடிவு செய்கிறது. அந்தத் தோட்டங்கள் எல்லாம் தங்கள் பாதைகளைப் பெருஞ்சாலையோடு சேர்த்து, ஒருவர் வண்டியை மற்றவர் விடுவதற்கு ஒப்புக்கொண்டு, எல்லா வண்டிகளுக்கும் ஒரே வகை முகவரிச் சீட்டை வகுத்துக்கொண்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் இணையம். சாலையைவிட அந்த ஒப்புதல்தான் முக்கியம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் அது மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

கேள்வி (ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி): அணுகுண்டு விழுந்தாலும் அழியாத தகவல் தொடர்பு வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் கட்டியதே இணையம் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த பால் பாரன், தாக்குதலுக்குப் பிறகும் உயிரோடிருக்கும் ஒரு தொடர்பு அமைப்பைப் பற்றி எழுதினார். நடுவில் ஒரே தலைமை நிலையம் இருந்தால் அது விழுந்தவுடன் எல்லாம் விழும் என்பதால், பல கண்ணிகள் கொண்ட மீன்வலை போல அமைத்து, செய்தியைத் துண்டுகளாக்கி, கிடைத்த வழியில் அனுப்ப வேண்டும் என்பது அவர் கருத்து. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் என்பவர், போரைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல், கணினி நேரத்தை வீணாக்காமல் பகிர்வது எப்படி என்று யோசித்து அதே முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுகளுக்குப் ‘பாக்கெட்’, அதாவது பொட்டலம், என்று பெயரிட்டவர் அவரே.

ஆனால் உண்மையில் கட்டப்பட்ட, இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட்டின் தொடக்கம் இன்னும் சாதாரணமானது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான அர்ப்பாவில், 1966-இல் பாப் டெய்லர் என்ற அதிகாரியின் அலுவலகத்துக்கு அருகில் மூன்று முனையங்கள், அதாவது தொலைவிலுள்ள கணினியோடு பேச உதவும் தட்டச்சுக் கருவிகள், இருந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்க் கணினிகளோடு பேசின. ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றோடு பேச முடியாது, கட்டளைகளும் வேறு வேறு. ஒரே முனையத்திலிருந்து எங்கும் போக முடியாதா என்ற அந்த எரிச்சலும், விலையுயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையுமே பணத்தை ஒதுக்க வைத்தன. ஒரு மேசையில் மூன்று பேரேடு வைத்து ஒரே கணக்கை மூன்று முறை எழுதிய உங்களுக்கு அந்த எரிச்சல் புரியாமல் போகாது.

1969 அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனக் கணினிக்கு ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கினார். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுச் சொல்லும் போனது. அவ்வாண்டு டிசம்பரில் அந்த வலையில் இருந்தவை நான்கே நிலையங்கள்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): செய்தியை ஏன் துண்டாக்க வேண்டும்? முழுதாக அனுப்பினால் எளிதல்லவா?

பதில்: பழைய தொலைபேசி முழுதாகத்தான் அனுப்பியது, அம்மா. நீங்கள் ஈப்போவுக்குப் பேசும்போது இங்கிருந்து அங்கு வரைக்கும் ஒரு தடம் உங்களுக்கே என்று ஒதுக்கப்பட்டது. நீங்கள் மௌனமாக இருந்தாலும் வேறு யாரும் அதைத் தொட முடியாது. ஒரு தோட்டத்தின் செம்பனைக் குலைகள் அத்தனையும் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை பெருஞ்சாலையை மற்றவர்களுக்கு மூடிவைப்பதற்கு அது ஒப்பாகும். பொட்டல முறையில் ஒவ்வொரு லாரியும் தன் முகவரிச் சீட்டோடு தனித்தனியாகப் புறப்படுகிறது. இடையிடையே பிறர் லாரிகளும் போகின்றன. சாலை சும்மா கிடப்பதில்லை.

ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட்டுகளுக்கு மேல் போவதில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும், நம் ரூட்டரைத்தான் சொல்கிறேன், முகவரியின் முன்பகுதியைப் பார்த்து அடுத்த தாவலை மட்டும் தீர்மானிக்கிறது. 31100 என்ற அஞ்சல் குறியீட்டைப் பார்க்கும் கோலாலம்பூர் அஞ்சல்காரருக்கு உங்கள் வீட்டு வாசல் தெரிய வேண்டியதில்லை, சுங்கை சிப்பூட் பைக்குள் போட்டால் போதும். பொட்டலங்கள் முன்பின்னாக வரலாம், நெரிசலில் ஒன்றிரண்டு கைவிடவும் படலாம். அவற்றை வரிசை எண் பார்த்து அடுக்குவதும், வராததை மறுபடி கேட்டு வாங்குவதும் இரண்டு முனைகளில் உள்ள கணினிகளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் நெறிமுறைக்கு டிசிபி என்று பெயர். விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இல் அதன் வரைவை வெளியிட்டார்கள். 1983 ஜனவரி முதல் நாள் அர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. நடுவழியை எளிமையாகவும் முனைகளைக் கெட்டிக்காரத்தனமாகவும் வைத்த இந்த ஏற்பாட்டை, நடுவில் இருக்கும் நிலையமே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்று பயின்று வந்த என்னைப் போன்ற தொலைபேசிக்காரர்கள் நெடுநாள் நம்பவில்லை. நாங்கள் நினைத்தது தவறு.

கேள்வி (மளிகைக் கடைக்காரர்): அப்படியானால் இணையத்துக்கு முதலாளி யார்?

பதில்: கிடையாது, அண்ணன். கம்பிகளுக்கும் கட்டடங்களுக்கும் தனித்தனி உரிமையாளர்கள் உண்டு. பெயர்களும் எண் முகவரிகளும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ள 1998 முதல் ஐகேன் என்ற அமைப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி (இல்லத்தரசி): என் மகள் சென்னையில் படிக்கிறாள். எங்கள் பேச்சு செயற்கைக்கோள் வழியாகத்தானே போகிறது?

பதில்: பெரும்பாலும் கடலுக்கு அடியில் கிடக்கும் கண்ணாடியிழைக் கம்பி வழியாகப் போகிறது, அம்மா. நிலைத்த சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு சொல் மேலே போய்க் கீழே வரவே கால் விநாடி ஆகும்; மறுமொழி வர இன்னொரு கால் விநாடி. கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடுகிறது. வங்காள விரிகுடாவைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு கூடத் தேவையில்லை.

இந்தக் கடல்வழி புதியதும் அன்று. 1870களின் தொடக்கத்திலேயே சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் கடலடித் தந்திக் கம்பியால் இணைந்துவிட்டன. அக்காலக் கம்பிகளுக்கு உப்புநீர் புகாத உறையாக இருந்தது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். நாம் சீவிய ரப்பர் பால் அல்ல, நம் காடுகளில் தானாக வளர்ந்த வேறொரு மரத்தினுடையது. அதை மரத்தை வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். உலகத் தந்தி வலையின் உறை இந்த மண்ணிலிருந்து போனது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கேள்வி (பட்டறை வைத்திருப்பவர்): நம் நாட்டுக்கு இணையம் எப்போது வந்தது?

பதில்: 1985-இல் தொடங்கப்பட்ட மீமோஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் முதலில் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்துப் பார்த்தது. பிறகு 1992-இல் அதுவே ஜாரிங் என்ற இணையச் சேவையைத் தொடங்கியது. டெலிகாம் மலேசியாவின் இணையச் சேவையான டிஎம்நெட் 1996-இல் வந்தது. மோடம் கிறீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்ததும், வீட்டில் ஒருவர் இணையத்தில் இருந்தால் மற்றவர் தொலைபேசியை எடுக்க முடியாததும் பலருக்கு நினைவிருக்கும். தோட்டங்களில் கதை வேறு. லயத்து வீடுகளுக்குத் தொலைபேசியே எட்டாதிருந்த இடங்களில் இணையம் எங்கிருந்து வரும்? கம்பி போட்ட இடத்திலும் செம்புக்காக இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போனார்கள்; ஒரே தடத்தை ஒரே மாதத்தில் இரண்டு முறை நானே மாற்றியிருக்கிறேன். கண்ணாடியிழையில் திருடி விற்கச் செம்பு இல்லை என்பது எனக்கு அதன் வேகத்தைவிடப் பெரிய நிம்மதியாகத் தோன்றியது.

கேள்வி (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்): 1990களில் தட்டெழுதிய என் தமிழ்க் கட்டுரைகளை இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. இணையத்தில் அனுப்பியதால் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, ஐயா. கணினியும் வலையமைப்பும் எழுத்தை அறியா. எண்களை மட்டுமே சுமக்கின்றன. இந்த எண்ணுக்கு ‘க’ என்று அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் ‘க’ தெரியும். அந்நாளில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் தமிழைக் கணினியில் எழுத வழிசெய்தாலும், எல்லாருக்கும் பொதுவான யூனிகோட் பட்டியல் நடைமுறையில் பரவ 2000க்குப் பிறகும் சில ஆண்டுகள் பிடித்தன. உங்கள் கோப்பில் எண்கள் அப்படியே இருக்கும், பட்டியல்தான் மாறிவிட்டது. பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, எந்த எழுத்துருவில் தட்டினீர்கள் என்பதைப் பாருங்கள். பெயர் கிடைக்காவிட்டால் குழம்பிக் கிடக்கும் ஒரு பத்தியையும், அதே பத்தியின் அச்சுப்படி இருந்தால் அதையும் அனுப்பிவையுங்கள். ஒப்பிட்டுப் பார்த்து எந்தப் பட்டியல் என்று சொல்கிறேன்.