இருபது பேர் பணிபுரியும் அலுவலகத்தில் குழு உணர்வை வளர்க்கப் புதுமையாக என்ன செய்யலாம்?

குன்னூரில் தேயிலை வணிகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை இத்தகைய நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில்தான் விழும். கயிறு இழுத்தலும் இசை நாற்காலியும் சலித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் நடத்திப் பார்த்தவற்றிலிருந்து பதில் சொல்கிறேன்.

கயிறு இழுத்தலை நான் கைவிட்டதற்குச் சலிப்பு மட்டும் காரணமன்று. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியே இழுக்கையில் காட்டும் விசையில் ஏறக்குறையப் பாதியையே தருகிறார்கள் என்பதைப் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டிவிட்டார். எங்கள் அலுவலகத்திலும் நான்கு பேர் மூச்சுத் திணற இழுக்க, மற்றவர்கள் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். எனவே, ஒருவர் ஒதுங்கினால் ஆட்டமே நின்றுவிடக்கூடிய செயல்பாடுகளைத் தேடினேன்.

அவற்றுள் சிறப்பாக எடுபட்டது தேயிலைச் சுவை ஆட்டம். கணக்குப் பிரிவில் ஒருவர், கிடங்கில் ஒருவர் என்று வேறு வேறு பிரிவினரை இணை சேர்த்து, திரைக்கு அப்பால் அமர்பவருக்கு ஒரே ஒரு கோப்பையும், இப்பால் இருப்பவருக்கு அதே தேநீர் உள்ளிட்ட நான்கு கோப்பைகளும் தருவோம். அப்பால் இருப்பவர் தரத்தின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ சொல்லாமல் சுவையை மட்டும் விவரிக்க, இப்பால் இருப்பவர் கேள்வி கேட்டுக் கேட்டுச் சரியான கோப்பையைக் கண்டுபிடிக்க வேண்டும். சுவைத்துப் பார்ப்பதற்கான தேநீரைத் தயாரிக்கும் முறையைக் கூறும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரநிலைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்று ஊறவைத்தால் எல்லாக் கோப்பைகளும் ஒரே சீராக அமையும். ஏல மாதிரிகளைச் சுவைப்பவர்களைப் போலச் சத்தமாக உறிஞ்சுவது கட்டாயம் என்று அறிவித்துவிடுங்கள். மேலாளர் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்ட பிறகு எவருக்கும் கூச்சம் இருப்பதில்லை. அந்த மேலாளர் ‘பிரிஸ்க்’ (நாவைச் சுறுக்கென்று பிடிக்கும் புத்துணர்வான துவர்ப்பு) என்று தொழில்மொழியில் விவரித்து இணையரைத் திண்டாட வைத்தார். எங்கள் ஓட்டுநரோ ‘நனைந்த விறகு எரிகிற வாசம்’ என்றார், எதிரில் இருந்தவர் அந்தக் கோப்பையை உடனே எடுத்துவிட்டார். தேயிலைக்குப் பதிலாகத் தேனோ மசாலாப் பொடியோ வைத்தும் இதை நடத்தலாம்.

மற்றொன்று, வேகவைக்காத 20 ஸ்பகெட்டி (நீள நூடுல்ஸ் போன்ற உணவு) குச்சிகள், ஒரு கெஜம் ஒட்டுநாடா, ஒரு கெஜம் நூல் ஆகியவற்றைக் கொண்டு 18 நிமிடத்தில் கோபுரம் கட்டி, அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற மிட்டாயை நிறுத்தும் புகழ்பெற்ற போட்டி. இதில் வணிக மேலாண்மை மாணவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டுவதாகக் கண்டிருக்கிறார்கள். குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்ப்பதே காரணம் என்பார்கள். நாங்கள் ஈர்க்குச்சியையும் ஊட்டி வர்க்கியையும் பயன்படுத்தினோம். வர்க்கி உதிரும் என்பதால் ஆட்டம் இன்னும் கடினமாகிறது. உதிர்ந்ததைத் தின்றுவிடுகிறார்கள் என்பது தனிச் சிக்கல்.

எதை நடத்தினாலும் பணி நேரத்திலேயே நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலோ கோத்தகிரிக்குக் கடைசிப் பேருந்து போன பிறகும் நீட்டித்தாலோ, ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முகங்கள் வாடிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கு வலுவாகப் பெய்வதால் மைதானத்தை நம்புவதில்லை. சாப்பாட்டு அறையின் மேசைகளே எங்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. சுவை ஆட்டத்தை மட்டும் முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நடத்திய முதல் முறை, அன்றிரவு பாதிப் பேர் உறங்கவில்லை.