மஹிந்திரா தார் ஜீப்பில் டயருக்குக் காற்றடிக்க ஆன்போர்டு கம்ப்ரசர் (வண்டியிலேயே நிரந்தரமாக இருக்கும் காற்றுப் பம்பு) பொருத்தப் போகிறேன். ஏர் டேங்கும் சேர்த்து வைக்க வேண்டுமா?

டேங்க் வேண்டாம். அந்தக் காசை ஒயரில் போடுங்கள்.

நான் இருப்பது பெங்களூர். வண்டி பழைய தார், டயர் 235/70 ஆர்16. சகலேஷ்புரா பக்கம் சேற்றில் இறங்குவதற்கு முன் டயரின் காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கிவிடுவேன். டயர் நீளமாகப் படிந்து தரையைப் பிடிக்கும். திரும்பும்போதுதான் வம்பு. 18இல் வைத்துக்கொண்டு ஹைவேயில் ஓட்டினால் டயர் சூடேறியே கெட்டுப்போகும். காட்டுக்குள் பஞ்சர் கடைக்கு எங்கே போவது?

முதலில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பம்புதான் வைத்திருந்தேன். இரண்டாவது டயரிலேயே ஃபியூஸ் போய்விட்டது. பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த சாக்கெட் அவ்வளவுதான் தாங்கும். நாலு டயரையும் மளமளவென்று நிரப்புகிற கம்ப்ரசர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராகத்தான் எடுக்க வேண்டும்.

டேங்க் ஆசை எனக்கும் இருந்தது. அல்சூரில் என் வண்டியைப் பார்க்கிற அண்ணன் சேலத்துக்காரர். "அதுல இருக்கிற காத்து அரை டயருக்குக் காணாது தம்பி" என்றார். நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் டயரின் கொள்ளளவு சுமார் 60 லிட்டர். 18இலிருந்து 32க்கு ஏற்ற, வெளிக்காற்றில் கிட்டத்தட்ட இன்னொரு 60 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். 4 லிட்டர் டேங்கை 120 பிஎஸ்ஐக்கு நிரப்பி வைத்தாலும், அது 32க்கு இறங்குவதற்குள் கொடுப்பது 24 லிட்டர்தான். அண்ணன் சொன்னது சரி. ரிம்மைவிட்டுக் கழன்ற டயரை ஒரே மூச்சில் உட்கார வைக்கவும், ஏர் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கிற, காற்றில் இயங்கும் பூட்டு) இருந்தால் அதற்கும் டேங்க் உதவும். மற்றபடி சுமை.

ஒயருக்கு வருவோம். 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், 40 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கேற்ற ரிலே (சின்ன சுவிட்சைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடுவது). ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். கம்ப்ரசர் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற ஆளில்லை. சுவிட்சை இக்னிஷனோடு சேர்த்துவிடுங்கள். காற்றடிக்கும்போது எஞ்சின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடும்.

எஞ்சின் பக்கம் வெக்கை, அடியில் சேறு. அதனால் நான் கம்ப்ரசரைப் பக்கத்து சீட்டுக்குக் கீழே வைத்தேன். சத்தம் காதைக் கிழிக்கும், பரவாயில்லை, எல்லாரும் எப்படியும் கீழே இறங்கித்தான் நிற்பார்கள்.

ஹோஸில் நான் ஏமாந்தேன். கம்ப்ரசர் வாயிலேயே நீல பிளாஸ்டிக் ஹோஸை மாட்டினேன். மூன்றாவது டயரில் அது கொழகொழவென்று இளகி, பட்டென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. அங்கே வரும் காற்று தொட முடியாத சூடு. முதல் மூன்றடிக்கு ஸ்டீல் வலை போட்ட டெஃப்லான் ஹோஸ் போட்டு, அதன்பிறகு சாதாரண ஹோஸ் போதும், நாலு டயரையும் எட்டுகிற நீளத்தில்.

அப்புறம், வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் ஓடும்போது வருவது. 30 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் ஓய்வில்லாமல் ஓடும், இந்த இரண்டையும் கேளுங்கள். என்னுடையது நாலு டயரையும் முடிக்கப் பத்து நிமிடம் எடுக்கிறது, ஒரு டீ குடிக்கிற நேரம்.