மைனர் லீக் பேஸ்பால்: வாசகர் கேள்விகள்

டர்ஹாம் புல்ஸ் அணியில் நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்சரைத் திடீரென்று காணோம். மூன்று வாரத்துக்குள் மறுபடி வந்துவிட்டார். காயமா, தண்டனையா?
– வாசகர், ராலே, வட கரோலினா

பெரும்பாலும் இரண்டும் இல்லை, மேலே, மேஜர் லீகுக்குப் போய் வந்திருப்பார். டர்ஹாம், 1998 முதல் மேஜர் லீகின் டாம்பா பே ரேஸ் அணியின் டிரிபிள்-ஏ (மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்ப்படி) கிளை. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் சம்பளமும் தாய் அணியுடையவை. மைதானமும் டிக்கெட் விற்பனையும்தான் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. யார் எந்த ஊரில் ஆடுவது என்பதில் டர்ஹாமுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் 40 பேர் பட்டியல் உண்டு. அதில் 26 பேர் மேலே ஆடுவார்கள். மீதிப் பேரில் காயம்பட்டவர்கள் போக மற்றவர்கள் 'ஆப்ஷன்' முறையில், அதாவது பட்டியலிலிருந்து நீக்கப்படாமலே, கீழே மைனர் லீகில் இருப்பார்கள். ஒருவருக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஒரு பருவத்தில் மொத்தம் 20 நாளாவது கீழே இருந்தால் ஓர் ஆண்டு கழிந்ததாகக் கணக்கு. 2022 முதல், ஒரே பருவத்தில் ஒருவரை ஐந்து தடவைக்கு மேல் இப்படி இறக்க முடியாது. இறங்கி வந்த பிட்சர் 15 நாளும் மற்றவர்கள் 10 நாளும் கீழே தங்கியாக வேண்டும். மேலே யாராவது காயம்பட்டால் முன்கூட்டியே அழைக்கலாம். ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்புவதென்றால், முதலில் மற்ற 29 அணிகளும் அவர் வேண்டாமென்று விட்டுவிட வேண்டும்.

ஆகவே ரேஸ் அணி ஓர் இரவில் ஆறேழு பிட்சர்களைச் செலவழித்தால், மறுநாள் காலையில் டர்ஹாமிலிருந்து களைக்காத கை ஒன்று கிளம்பும். மைதானத்துக்குப் போகுமுன் புள்ளிப் பட்டியலைவிட, அன்றைக்கு யார் ஏறினார், யார் இறங்கினார் என்ற அறிவிப்பைப் பாருங்கள். அணியின் தோல்விக்கான காரணம் பல நாள் அங்கேதான் இருக்கும்.

டிரிபிள்-ஏ பருவத்தின் 150 ஆட்டங்களை 75, 75 என இரண்டாக வெட்டியிருப்பதும் இதனால்தான் நியாயமாகப் படுகிறது. மே மாதத்தில் நல்ல ஆட்களை மேலே அனுப்பிவிட்டுத் தேய்ந்துபோன அணி, இரண்டாம் பாதியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். முதல் பாதியில் வென்ற அணியும் இரண்டாம் பாதியில் வென்ற அணியும் செப்டம்பரில் மூன்று ஆட்டத் தொடரில் மோதும்.

ஒரே எதிரணியுடன் தொடர்ந்து ஆறு நாள் ஆடுவது ஏன்? எந்த நாள் போனால் நல்லது?
– வாசகி, கேரி, வட கரோலினா

2021-இல் மைனர் லீகை 120 அணிகளாகச் சுருக்கியபோது வந்த ஏற்பாடு இது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆட்டம், திங்கள் ஓய்வு. மூன்று நாளுக்கொரு முறை இரவெல்லாம் பஸ்ஸில் போகும் பாடு குறைந்தது.

ஆறு தொடக்கப் பிட்சர்களை வைத்துக்கொள்ளும் அணியில், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரே கிழமைதான் முறை வரும். குறிப்பிட்ட பிட்சரைப் பார்க்க விரும்பினால், போன வாரம் அவர் வீசிய கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டிங் பார்க்க சனி, ஞாயிறு நல்லது. அதற்குள் எதிரணியில் ஆட்டத்தின் நடுவே இறங்கும் மாற்றுப் பிட்சர்களை இரண்டு மூன்று தடவை சந்தித்திருப்பார்கள், பந்து எப்படித் திரும்புமென்று கண்ணுக்குப் பழகியிருக்கும்.

இந்தத் திட்டத்தைக் குலைப்பது மழை. வியாழன் ஆட்டம் மழையில் போனால் வெள்ளியன்று ஏழு இன்னிங்ஸ் வீதம் இரண்டு ஆட்டங்கள் வைப்பார்கள். அதன்பின் பிட்சர்களின் கிழமைக் கணக்கு மாறிவிடும்.

பேட்டர் தன் தலைக்கவசத்தைத் தட்டினார், ஆட்டம் நின்றது. என்ன சைகை அது?
– வாசகர், சார்லட்

பந்து எல்லைக்குள் வந்தது என்ற நடுவரின் 'ஸ்ட்ரைக்' தீர்ப்பை மறுத்து, கேமராவிடம் முறையிடுகிறார். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டுமே அந்த உரிமை. தீர்ப்பு வந்த உடனே தட்ட வேண்டும், பெஞ்சிலிருந்து யாரும் குறிப்புக் கொடுக்கக் கூடாது. முறையீடு சரியாக இருந்தால் முறையிடும் வாய்ப்பு அணியின் கையிலேயே இருக்கும், தவறினால் ஒன்று குறையும்.

ஸ்ட்ரைக் எல்லையின் அகலம் 17 அங்குலம். மேல் விளிம்பு பேட்டர் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் விளிம்பு 27 சதவீதம். 183 செ.மீ. உயரமானவருக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ 49 முதல் 98 செ.மீ. வரை. நிமிர்ந்து நிற்கும்போது அளந்த உயரம் என்பதால், குனிந்து நின்று எல்லையைச் சுருக்க முடியாது. டிரிபிள்-ஏ-வில் பல பருவங்கள் சோதித்த பிறகே, 2026-க்கு மேஜர் லீக் இதை ஏற்றது.

பத்தாவது இன்னிங்ஸில், யாரும் அடிக்குமுன்பே இரண்டாம் பேஸில் ஒருவர் நிற்கிறாரே?
– வாசகி, பஃபலோ

2018 முதல் மைனர் லீகில் உள்ள விதி. ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் சமநிலையில் நீளும் ஒவ்வொரு இன்னிங்ஸிலும், முதலில் ஆட வேண்டியவருக்கு முந்தைய பேட்டர் இரண்டாம் பேஸில், அதாவது ரன் எடுக்க ஓடும் வழியின் பாதித் தூரத்தில், நிற்பார். அவர் எடுக்கும் ரன் பிட்சரின் சராசரியில் (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கில்) ஏறாது. ஸ்கோர் எழுதுபவர்கள் இங்கே அடிக்கடி தவறுகிறார்கள்.

பிட்சர்களின் தோளைக் காப்பாற்ற இது தேவைதான். 1981 ஏப்ரல் 18 இரவு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட்டில், அந்த ஊர் அணி ரோசெஸ்டர் அணியுடன் தொடங்கிய டிரிபிள்-ஏ ஆட்டம், 32 இன்னிங்ஸ் ஆகியும் முடியாமல் அதிகாலை 4 மணி தாண்டி நிறுத்தப்பட்டது. ஜூன் 23 அன்று மீண்டும் தொடங்கி, 33-ஆவது இன்னிங்ஸில் பாடக்கெட் 3–2 என வென்றது. எதிரெதிராக மூன்றாம் பேஸ் காத்த வேட் பாக்ஸும் கால் ரிப்கன் ஜூனியரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள்.

பசிபிக் கோஸ்ட் லீகில் பிட்சர்களின் சராசரி இவ்வளவு மோசமாக இருப்பது ஏன்?
– வாசகர், சேக்ரமென்டோ

மேற்கு அமெரிக்காவின் இந்த டிரிபிள்-ஏ லீகில் ஆடும் சில ஊர்களின் உயரம்தான் காரணம். ஆல்பகர்க்கி கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல், ரீனோ 1,300 மீட்டருக்கு மேல். காற்று அடர்த்தி குறைவதால் அடித்த பந்து தூரம் போகும், வீசிய பந்து குறைவாக வளையும். அங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன் கொடுப்பவரை மட்டமாக எண்ணிவிடாதீர்கள். எத்தனை பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார் (ஸ்ட்ரைக்-அவுட்), எத்தனை பேருக்கு எல்லைக்கு வெளியே வீசி முதல் பேஸை இலவசமாக (வாக்) கொடுத்தார் என்று பாருங்கள், அந்த இரண்டையும் மலைக்காற்று அவ்வளவாக மாற்றாது. உங்கள் ஊரோ சமவெளியில் இருக்கிறது. அங்கே ஒருவர் ஐந்து ரன் கொடுத்தால் கவலைப்பட வேண்டியதுதான்.