ரீயூனியன் தீவில் டிசம்பர் 20 விடுதலை நாளில் தமிழ் வம்சாவளியினருக்கு என்ன பங்கு?

கேள்வி கேட்டவரின் மூதாதையர் ஒப்பந்தக் கூலிகளாக, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் கப்பலேறியவர்கள். அடிமைகளாகப் போகாதவர்களின் பேரப்பிள்ளைகள் அடிமைமுறை ஒழிந்த நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுவது பொருந்துமா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் காரைக்காலைச் சேர்ந்தவன். வேலை நிமித்தமாக அந்தத் தீவின் தலைநகரான சேன் தெனியில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தேன். கொண்டாடலாம், ஆனால் வீட்டுக்காரராக அல்ல, பக்கத்து வீட்டுக்காரராக என்பதே என் கருத்து. அதற்கான காரணம் 1848ஆம் ஆண்டிலேயே இருக்கிறது.

பிரெஞ்சுக் குடியரசு அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. அந்த ஆணையை எடுத்துக்கொண்டு குடியரசின் ஆணையர் சார்தா கார்ரிகா ரீயூனியனில் வந்திறங்கியது அக்டோபர் மாதத்தில். அது கரும்பு வெட்டும் பருவம். ஒவ்வொரு குடியேற்ற நாட்டிலும் அறிவிக்கப்பட்டு இரண்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அந்த ஆணையிலேயே இருந்ததால், ஏறத்தாழ 62,000 பேர் மேலும் இரண்டு மாதங்கள் அடிமைகளாகவே கரும்பு வெட்டினார்கள். டிசம்பர் 20ஆம் தேதிதான் விடுதலை நாளாகக் குறிக்கப்பட்டது. அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும், செய்யாதவர் நாடோடியாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார் என்றும் கார்ரிகா அக்டோபர் 24 அன்று தனி ஆணை பிறப்பித்தார். டிசம்பர் 20 அன்று அவர் வெளியிட்ட அறிவிப்பு, நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று தொடங்கி, ஒழுங்கையும் உழைப்பையும் விட்டுச் சுதந்திரம் பிரியாது என்ற அறிவுரைக்கு உடனே தாவிவிடுகிறது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்படி ஓர் அடிமைக்கு ஏறத்தாழ 711 பிராங்க் வீதம் இழப்பீடு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர்கள் உரிமையாளர்கள். உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

நம்மவர் கதை இங்கேதான் நுழைகிறது. விடுதலை பெற்றவர்களில் பலர் தோட்டங்களை விட்டு விலகத் தொடங்கியதும், குறைந்த கூலிக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் கைகளைத் தேடி உரிமையாளர்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் முகவர்களை அனுப்பினார்கள். 1860இல் பிரிட்டனுடன் ஏற்பட்ட உடன்பாடு சென்னை போன்ற துறைமுகங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்தக் கதவை மூடியது. வந்தவர்களை முதலில் அடைத்துவைத்த கிராந்த் ஷலூப் தனிமைப்படுத்தல் நிலையத்தின் கட்டடங்கள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன. அடிமையாக இருந்தவன் பேரம் பேசத் தொடங்கிய நேரத்தில், அந்தப் பேரத்தை முறிப்பதற்கென்றே நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் மீது குற்றமில்லை, பஞ்சமும் கடனும் துரத்தித்தான் பெரும்பாலோர் போனார்கள். என்றாலும் இதை மறந்துவிட்டு அந்த மேடையில் ஏறுவது சரியாக எனக்குப் படவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையிலிருந்தும் மக்கள் அடிமைகளாகவே அந்தத் தீவுக்கு விற்கப்பட்டார்கள். தன் விடுதலைக்காக 1817இல் நீதிமன்றம் ஏறிய ஃபுர்சி என்பவரின் தாய் வங்காளத்துச் சந்தன்நகரில் பிறந்த பெண். பிரான்சு மண்ணை மிதித்த தாய் சுதந்திரமானவள், ஆகவே அவள் மகனும் பிறப்பிலேயே சுதந்திரமானவன் என்பது அவருடைய வாதம். 1843இல் பாரிஸ் நீதிமன்றம் அதை ஏற்றபோது 26 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே, 'அடிமை என்றால் ஆப்பிரிக்கர், கூலி என்றால் இந்தியர்' என்று கோடு கிழித்துப் பிரிக்கவும் முடியாது.

அந்த நாளுக்குத் தீவில் வழங்கும் பெயர் 'ஃபெத் காஃப்', அதாவது காஃப்களின் திருநாள். காஃப் என்பது ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வழிவந்தவர்களைக் குறிக்கும், தீவின் பேச்சுமொழியான கிரியோல் சொல். தமிழ் வழிவந்தவர்களை மல்பார் என்பார்கள், மலபாருக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லாவிட்டாலும். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 'வேன் தெசாம்', அதாவது டிசம்பர் இருபது, என்று மட்டும் சொல்வோரும் இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே அது அரசு விடுமுறை நாளாயிற்று. அதற்கு முன், அதே நாளில் லிச்சிப் பழத் திருவிழா என்று ஒன்றை நடத்தி விடுதலையின் பேச்சே எழாமல் பார்த்துக்கொண்ட காலமும் இருந்தது. டிசம்பரில் அங்கே தெருவெல்லாம் லிச்சிக் கொத்துகள் விற்கும் என்பதால், அந்தத் தந்திரம் எவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

நீங்கள் அந்தச் சமயத்தில் போவதாக இருந்தால், நகரத்து ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, இரவில் யாராவது அழைக்கும் சிறிய 'கபார்' ஒன்றுக்குச் செல்லுங்கள். கபார் என்பது, அடிமைகளின் காலத்திலிருந்து தீவில் வழங்கிவரும் மலோயா இசைக்காக எல்லோரும் கூடும் இடம். நான் முதல்முறை போனது என் பக்கத்து வீட்டுப் பெரியவருடன். அவரை எல்லோரும் 'தோந்தோன்', அதாவது மாமா, என்றே அழைப்பார்கள். அவருடைய குடும்பப் பெயர் நம் ஊரில் ஒருவருக்கு இடும் பெயர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. நவம்பரில் தம் வீட்டில் இறந்தவர்களுக்கு அவர் படைக்கும் படையலின் பெயர் 'சம்ப்ளானி'. அது நம் சாம்பிராணிதான் என்பது எனக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று. அன்று கபார் நடந்த வீட்டில் இசை தொடங்குமுன், மடகாஸ்கர் வழிவந்த அந்தக் குடும்பத்தார் தம் முன்னோருக்குச் சோறும் கறியும் சாராயமும் படைத்தார்கள். தோந்தோன் செருப்பைக் கழற்றிவிட்டு, படையலுக்கு அருகே போகாமல், வாசற்படியருகே கைகட்டி நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

படையல் முடிந்த பிறகு அந்த வீட்டுக்காரர் அவரிடம் ஒரு கயாம்பை நீட்டினார், அவர் அதை என்னிடம் தந்தார். கரும்பின் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே காய்ந்த விதைகளை நிரப்பிய தட்டையான வாத்தியம் அது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. வேகமாகக் குலுக்கினேன், வெறும் இரைச்சல்தான் வந்தது. தோந்தோன் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பது போல இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக் காட்டினார்.