கைபேசியில் ஒலிப்பதிவு: நிருபர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வானொலிச் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் ஒலித்தொகுப்பு செய்தவன் என்ற முறையில், மாவட்ட நிருபர்களும் இதழியல் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். எந்தச் செயலி சிறந்தது என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்; ஏன் என்பது முதல் பதிலிலேயே விளங்கிவிடும்.

கேள்வி (பகுதிநேர நிருபர், திண்டுக்கல்): என் கைபேசி விலை உயர்ந்ததுதான். ஆனாலும் பேட்டிகள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கின்றன. தனி மைக் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன், பேசியவரின் வாய்க்கும் கைபேசிக்கும் இடையே எத்தனை சாண் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேட்டி எடுத்திருந்தால் நான்கு சாணுக்குக் குறையாது. தூரம் இரு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஆனால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அறையெங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நிற்கிறது. ஆகவே தள்ளிப் போகப் போக, குரல் தேய்ந்து அறைதான் பதிவாகிறது. நீங்கள் சொல்லும் கிணறு அதுதான். கைபேசியின் அடிப்பகுதியில் உள்ள மைக் துளை பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கும்படி பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் பகரம் வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். துளையை உங்கள் விரலே மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை ஒரு வாரம் செய்து பார்த்த பிறகும் மைக் தேவை என்று தோன்றினால் வாங்கலாம்.

கேள்வி (இதழியல் மாணவி, சென்னை): கேமராவுக்கு வாங்கிய காலர் மைக்கைக் கைபேசியில் செருகினேன். பதிவு ஆகிறது, ஆனால் தரத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

பதில்: வேறுபாடு இல்லாததற்குக் காரணம், அந்த மைக் வேலையே செய்யவில்லை என்பதுதான். அதன் செருகுமுனையை, அதாவது பின்னை (pin), பாருங்கள். கேமரா மைக்கின் பின்னில் இரண்டு கருப்பு வளையங்கள் இருக்கும். கைபேசிக்கு மூன்று வளையங்கள் உள்ள பின் வேண்டும். இரண்டு வளையப் பின்னைச் செருகினால், ஏதோ ஹெட்ஃபோன் வந்திருக்கிறது என்று எண்ணிக் கைபேசி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். இதை மாற்றித் தரும் சிறு அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. நானே ஒருமுறை காசிமேட்டில் நாற்பது நிமிடப் பேட்டியை இப்படித்தான் இழந்தேன்: மைக் மீனவரின் சட்டையில் இருந்தது, பதிவு என் சட்டைப்பையிலிருந்து நடந்தது. அன்று முதல், மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டி, பத்து வினாடி பதிவு செய்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்கிறேன்.

கேள்வி (நிருபர், தூத்துக்குடி): கடற்கரையில் காற்றின் உறுமலைப் பிறகு நீக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. மைக்கின் எல்லையைத் தாண்டி மோதிய காற்று குரலையே சிதைத்துவிடுகிறது. சிதைந்ததை எந்த வடிகட்டியும் திருப்பித் தராது. மெல்லிய உறுமலாக இருந்தால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது ஓரளவு உதவும். களத்தில் மைக்கின்மேல் மாட்டும் பஞ்சு உறை போதாது, முடி வைத்த உறை வேண்டும். அதுவும் இல்லையென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் உடம்பையே மறைப்பாக்குங்கள்.

கேள்வி (நிருபர், ஈரோடு): எந்த வடிவத்தில், எந்த அளவில் பதிவு செய்ய வேண்டும்? அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் கெடுகிறதா?

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் (சுருக்கப்படாத .wav) கோப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.8 எம்பி ஆகும். ஒலி அளவின் உச்சம் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். அளவுமானியில் பூச்சியம்தான் மேல் எல்லை; அதைத் தொட்டால் குரல் கிழியும். அனுப்பும்போது குரல்செய்தியாக அனுப்பாமல், ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். பதிவின்போது ஃப்ளைட் மோடு கட்டாயம். நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும்.

கேள்வி (செய்தி இணையதள ஆசிரியர், மதுரை): தொலைபேசிப் பேட்டியை அதே கைபேசியில் பதிவு செய்ய நல்ல செயலி சொல்லுங்கள்.

பதில்: தனிச் செயலிகளுக்கு ஆண்ட்ராய்டில் அந்த வழி சுருங்கிவிட்டது, 2022 மே மாதத்தில் கூகுள் தன் பிளே ஸ்டோர் விதிகளை இறுக்கியது. ஐபோனில் 2024-இல் வந்த வசதி, பதிவு தொடங்குவதை எதிர்முனைக்கும் அறிவித்துவிடுகிறது. அறிவிப்பது நல்லதே, நம் தொழிலில் அனுமதி கேட்டுப் பதிவு செய்வதுதான் முறை. ஆனால் தொலைபேசி வழி வரும் குரல் எப்படியும் மெலிந்துதான் வரும். பேட்டி தருபவரிடம் இரண்டாவது கைபேசி இருந்தால், பேசும்போதே அதில் அவர் தம் குரலைப் பதிவு செய்து அனுப்பட்டும். இருவரும் தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிவிட்டால் உங்கள் பதிவையும் அவர் அனுப்பும் பதிவையும் பொருத்துவது எளிது.

கேள்வி (பயிற்சி நிருபர், திருச்சி): கைபேசியிலேயே வெட்டி ஒட்டுவது எப்படி? எந்தச் செயலி?

பதில்: ஐபோனில் ஃபெரைட், ஆண்ட்ராய்டில் லெக்சிஸ் ஆடியோ எடிட்டர். அவ்வளவுதான் செயலிப் புராணம். எங்கே வெட்டுவது என்பதுதான் உண்மையான கேள்வி. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வந்து அமர்வதால், பைட்டின் (செய்தியில் சேர்க்க வெட்டியெடுக்கும் பேச்சுத் துண்டின்) வாலைச் சற்று நறுக்கினாலும் பொருள் தலைகீழாகிவிடும். ‘அதிகாரிகள் பணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நான் பார்க்கவில்லை’ என்று ஒருவர் சொல்லியிருக்க, ‘கொடுத்தார்கள்’ என்ற இடத்தில் வெட்டினால், ஊர்ப்பேச்சு கண்ணால் கண்ட சாட்சியாகிவிடும். நேரம் போதாது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. பைட்டை விட்டுவிட்டு, உங்கள் சொற்களில் சுருக்கிச் சொல்லுங்கள். மற்றபடி, பேசுபவர் மூச்சு வாங்குவதற்குச் சற்று முன்பாக வெட்டுங்கள். அரை மூச்சில் வெட்டினால் கேட்பவர் திடுக்கிடுவார். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் முழு அமைதியை வைத்தால் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும்; அந்த அரை நிமிடத்திலிருந்து ஒரு துண்டை வைத்தால் தையல் தெரியாது.

கேள்வி (அதே நிருபர்): இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: மின்விசிறி, ஏசி போன்ற மாறாத இரைச்சலுக்கு, அளவோடு பயன்படுத்தலாம். அளவு மீறினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகும். கோயம்பேடு சந்தையில் எடுத்த பேட்டியிலிருந்து சந்தையைத் துடைத்தெடுப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வியாபாரி தம் கடையில் நின்று பேசுகிறார் என்பதற்கு அந்தக் கூச்சல்தானே சான்று.